ஒரு கண்ணு சின்னது, ஒரு கண்ணு பெருசு

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கண் இமை விஷயத்துல நம்ம ஊர்ல தலைகீழா ஒரு வேலை நடந்துக்கிட்டிருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட வேண்டிய குழந்தையோட கண்ணை "வளர வளரச் சரியாயிடும்"னு விட்டுடறோம். ஒண்ணுமே பண்ணத் தேவையில்லாத கல்யாணப் பொண்ணோட கண்ணைச் சரி பண்ணணும்னு கிளினிக் கிளினிக்கா அலையறோம். அதைப் பத்தின புலம்பல்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆணி ஜாஸ்தியா இருக்கறவங்க நேரா கடைசிப் பகுதிக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :)

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்ல. பொட்டி தட்டிப் பொழைக்கிற இன்ஜினியர். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் விஷயத்துல கூடவே அலைஞ்சதுல, கண் டாக்டர்கள் கிட்ட கேள்வி மேல கேள்வி கேட்டு, அப்புறம் உக்காந்து படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் இதெல்லாம்.

எல்லார் மூஞ்சியும் கோணல்தான்

உங்க போட்டோ ஒண்ணை எடுத்து நடுவுல செங்குத்தா வெட்டி, ஒரு பாதியைத் திருப்பி ஒட்டிப் பாருங்க. வர்ற மூஞ்சி நீங்க கிடையாது. உங்க ஜாடையில இருக்கற வேற யாரோ. ரெண்டு புருவம், ரெண்டு கண்ணு, ரெண்டு காது, எதுவுமே அச்சு அசலா ஒரே மாதிரி இருக்காது. இமையும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் ரொம்ப சகஜம். எனக்கே இடது இமை கொஞ்சம் கீழ. வீடியோ மீட்டிங்ல எங்க டேமேஜர் ரெண்டு தடவை "தூக்கமா?"ன்னு கேட்டாச்சு. (தூக்கம்தான். அது வேற விஷயம்.)

அப்புறம் ஏன் இத்தனை நாள் கண்ணாடியில உறுத்தாதது போட்டோவுல மட்டும் உறுத்துது? நாம பொறந்ததுல இருந்து பார்த்துப் பழகினது கண்ணாடியில தெரியற மூஞ்சியை. அதாவது இடம் வலம் மாறின மூஞ்சி. போட்டோவுல அது திரும்பி நேரா வருது. வழக்கமா வலப்பக்கம் இருக்கற கோணல் திடீர்னு இடப்பக்கம் போனதும் மூளை "இது என்னமோ தப்பா இருக்கே"ங்குது. 1977-லயே அமெரிக்காவுல இதைச் சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்க. ஒருத்தரோட படத்தை நேராவும் கண்ணாடி பிம்பமாவும் காட்டிக் கேட்டா, அவங்களுக்குப் பிடிச்சது கண்ணாடி பிம்பம், அவங்க ஃபிரெண்ட்ஸுக்குப் பிடிச்சது நேர் படம். ரெண்டு தரப்புமே பழகின மூஞ்சியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கு!

போதாக்குறைக்கு செல்ஃபி. ஒரு அடி தூரத்துல இருந்து எடுக்கற படத்துல, அஞ்சு அடி தூரத்துல எடுத்ததை விட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு 2018-ல கணக்குப் போட்டுச் சொன்னாங்க. கேமரா மூஞ்சிக்கு அவ்வளவு கிட்ட இருந்தா, தலையை லேசா ஒரு பக்கம் திருப்பினாக்கூட, கேமராவுக்குப் பக்கத்துல இருக்கற கண்ணு பெருசாயிடும். அந்தப் படத்தை வெச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு "இமை சீரமைப்பு"ன்னு தேடாதீங்க மக்களே.

இமையைத் தூக்கறது யாரு?

ஆர்வம் இல்லாதவங்க இந்தப் பகுதியைத் தாண்டிடாதீங்க, பின்னாடி வர்றதுக்கெல்லாம் இதுதான் அஸ்திவாரம். மேல் இமையைத் தூக்கறது லிவேட்டர்னு ஒரு தசை. அதுக்குத் துணையா முல்லர்னு ஒரு குட்டித் தசை, அது கடைசி ரெண்டு மில்லிமீட்டரைப் பார்த்துக்கும். லிவேட்டரை இயக்கறது மூளையில இருந்து வர்ற மூணாவது நரம்பு. முல்லருக்கு வேற லைன், அது கழுத்து வழியா சுத்தி வருது. கண்ணை மூடறதுக்குத் தனி நரம்பு, ஏழாவது. முகவாதம் வந்தவங்களுக்குக் கண்ணை மூட முடியாமப் போறது இதனாலதான்.

சாதாரணமா மேல் இமை கருவிழியோட மேல் விளிம்பை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மூடி உக்காந்திருக்கும். டாக்டர் டார்ச் அடிக்கும்போது கருவிழி நடுவுல ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும் பாருங்க, அங்க இருந்து இமை விளிம்பு வரைக்கும் நாலு, அஞ்சு மில்லிமீட்டர் இருக்கணும். அது ரெண்டுக்குக் கீழ வந்துட்டா இமை நல்லாவே இறங்கியிருக்குன்னு அர்த்தம். இதுக்கு மருத்துவப் பேரு டோசிஸ்.

இதை வீட்டுலயே ஓரளவு அளந்து பார்க்கலாம். வேற ஒருத்தரை நாலஞ்சு அடி தள்ளி, உங்க கண் மட்டத்துக்கு ஃபோனைப் பிடிச்சு, ஜூம் பண்ணி ஃபிளாஷோட ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. புருவத்தைத் தூக்காம நேராப் பாருங்க. பெரியவங்க எல்லாருக்கும் கருவிழியோட அகலம் கிட்டத்தட்ட ஒரே அளவு, சுமார் 11.7 மில்லிமீட்டர். அதாவது கடவுள் நம்ம கண்ணுக்குள்ளயே ஒரு ஸ்கேலை வெச்சு அனுப்பியிருக்கார்! கருவிழி எத்தனை பிக்சல்னு எண்ணி, புள்ளிக்கும் இமைக்கும் நடுவுல எத்தனை பிக்சல்னு எண்ணி வகுத்தா மில்லிமீட்டர் வந்துடும். "கண்ணு ரொம்பக் கோணலா இருக்கு"ங்கறதுக்கும் "0.6 மி.மீ வித்தியாசம்"ங்கறதுக்கும் மனசுல எவ்வளவு வித்தியாசம்னு அளந்து பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ரெண்டு பக்க லிவேட்டருக்கும் மூளையில ஒரே இடத்துல இருந்துதான் சிக்னல் போகுது, சரிசமமா. ஒரே ரெகுலேட்டர்ல ரெண்டு ஃபேனை மாட்டின மாதிரி. ஒரு ஃபேன் மெதுவாச் சுத்துதேன்னு ரெகுலேட்டரை ஏத்தினா, இன்னொரு ஃபேன் பிய்ச்சுக்கிட்டுச் சுத்தும். அதே மாதிரி இடது இமை இறங்கினா, மூளை ரெண்டுக்கும் சேர்த்து சிக்னலை ஏத்தும். வலது கண் முழிச்சுப் பார்க்கற மாதிரி ஆயிடும். இறங்கின இமையை விரலால தூக்கிப் பிடிச்சா, "நல்லா இருந்த" இமை சர்ருனு கீழ வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி எவால்ட் ஹெரிங் பேர்ல இதை ஹெரிங் விதின்னு சொல்றாங்க. ஒரு இமையை ஆபரேஷன்ல தூக்கினதும் இன்னொண்ணு இறங்கிப் போறதுக்கு இதுதான் காரணம். நல்ல டாக்டர் இதை முன்னாடியே விரலால தூக்கிப் பார்த்துடுவார். பார்க்காம கத்தியை எடுக்கறவர் கிட்ட இருந்து தள்ளி நில்லுங்க.

ஒரே அறிகுறி, பல காரணம்

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஸ்க்ரீன்ல தப்பான நம்பர் வந்தா, அந்த நம்பரை மட்டும் மாத்திட்டுப் போறவனை டீம்ல யாரும் மதிக்க மாட்டாங்க. ஏன் தப்பா வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். இமை இறங்கறதும் அப்படித்தான். அது நோயோட பேர் இல்ல. ஸ்க்ரீன்ல தெரியற நம்பர் மட்டும்தான்.

பிறவியிலயே லிவேட்டர் சரியா வளராம இருக்கலாம். வயசானதுனால தசையோட நுனி இமையில இருந்து நழுவியிருக்கலாம். பல வருஷமா காண்டாக்ட் லென்ஸ், அதுலயும் ஹார்ட் லென்ஸ் போடறவங்களுக்கும், சதா கண்ணைக் கசக்கறவங்களுக்கும் இது சின்ன வயசுலயே வரலாம். இமைக்குள்ள கட்டி இருந்தா எடை தாங்காம இறங்கும். நெத்திச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் போட்டு அது இமைத் தசைக்குப் பரவினாலும் இறங்கும். நல்லவேளையா அது சில வாரங்கள்ல தானாச் சரியாயிடும்.

சாயங்காலம் ஆக ஆக இமை இறங்குது, காலையில எழுந்தா நல்லா இருக்குன்னா மயஸ்தீனியா கிராவிஸா இருக்கலாம். நரம்புல இருந்து தசைக்கு சிக்னல் போற இடத்துல கோளாறு. மூடின இமை மேல ரெண்டு நிமிஷம் ஐஸ் வெச்சுப் பார்ப்பாங்க. இமை ரெண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மேல வந்தா சந்தேகம் பலமாகும். ஐஸ்கட்டியில ஒரு டெஸ்ட்! படிச்சப்போ அசந்துட்டேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. சில பேருக்கு "இறங்கின" கண்ணு நல்லாத்தான் இருக்கும். அடுத்த கண்ணுதான் தைராய்டு கோளாறுனால மேல இழுத்திருக்கும். பெரியவங்களுக்கு இமை மேல ஏறிப் போறதுக்கு முதல் காரணமே தைராய்டுதான். இது தெரியாம நல்ல இமையில கை வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

கடைசியா, விளையாடக் கூடாத ரெண்டு. இமை திடீர்னு இறங்கி, அந்தக் கண்ணோட பாப்பா பெருசாகி, தலைவலியோ ரெட்டை ரெட்டையாத் தெரியறதோ இருந்தா, மூளைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி மூணாவது நரம்பை அழுத்துதோன்னு உடனே பார்க்கணும். அது வெடிச்சா உயிருக்கு ஆபத்து. இமை லேசா இறங்கி, பாப்பா சின்னதாகி, கூடவே கழுத்து வலியும் இருந்தா, கழுத்துல போற ரத்தக்குழாய் உள்பக்கமா கிழிஞ்சிருக்கலாம். இந்த ரெண்டும் "அடுத்த வாரம் லீவு போட்டுப் பார்த்துக்கலாம்" விஷயம் இல்ல. அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குப் போகணும்.

கல்யாணப் பொண்ணு

இப்போ எங்க சித்தி பொண்ணு கதை. வயசு 26. வரன் பார்க்க ஆரம்பிச்சு ஸ்டுடியோவுல போட்டோ எடுத்தாங்க. போட்டோவைப் பார்த்த ஒரு வீட்டுல இருந்து தரகர் மூலமா "பொண்ணுக்குக் கண்ணுல ஏதாவது குறையா?"ன்னு ஒரு கேள்வி. அவ்வளவுதான். சித்தி மூணு நாள் சரியாச் சாப்பிடல. அவ அதுக்கப்புறம் எந்த குரூப் போட்டோவுலயும் நிக்கல.

நேரா ஒரு அழகுக்கலை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. (பேரெல்லாம் வேண்டாம்.) நானும் கூடப் போயிருந்தேன். உள்ள போன பத்தாவது நிமிஷம், ரெண்டு மேல் இமையிலயும் தோலை வெட்டி எடுக்கணும்னு சொல்லி, கையில விலைப்பட்டியலைக் கொடுத்துட்டாங்க. சீக்கிரம் முடிவு பண்ணினா தள்ளுபடியாம், ஆடி மாசம் ஜவுளிக்கடை மாதிரி. டார்ச் அடிக்கல. அளக்கல. "எப்போல இருந்து இப்படி?"ன்னு ஒரு வார்த்தை கேக்கல.

அப்புறம் கண் டாக்டர் கிட்ட போனோம். அவர் முதல்ல கேட்டது பழைய போட்டோ. ஸ்கூல் ஐடி கார்டு, பத்தாவது ஹால் டிக்கெட், அக்கா கல்யாண ஆல்பம் எல்லாம் எடுத்துட்டுப் போய்க் காட்டினோம். எல்லாத்துலயும் அதே கண்ணு. அளந்தார். வலது நாலு, இடது மூணரை. தசை நல்லா வேலை செய்யுது. இமையில விழற மடிப்பு ஒரு பக்கம் கொஞ்சம் மேல, ஒரு பக்கம் கொஞ்சம் கீழ. "இது உன் கண்ணும்மா, நோய் இல்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டார். அந்த ஒரு வரிக்கு அவ அழுதுட்டா.

கிளினிக் சொன்னபடி தோலை வெட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இமை ஒரு இம்மிகூட மேல வந்திருக்காது. தோல் அதிகமாத் தொங்கறவங்களுக்குத்தான் அந்த ஆபரேஷன். விளிம்போட உயரத்தைத் தீர்மானிக்கறது உள்ள இருக்கற தசை. அதிகமா வெட்டிட்டா கண்ணை முழுசா மூட முடியாம, காய்ஞ்சு எரிச்சல் வேற. அரை மில்லிமீட்டருக்காக!

ரூம்மேட்

ரெண்டாவது கதை இதுக்கு நேர் எதிர். காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்மேட்டுக்குப் பிறவியிலயே இடது இமை பாதிக்கு மேல மூடியிருக்கும். தாடையைத் தூக்கித்தான் பார்ப்பான். முதல் வருஷம் சீனியர்ஸ் அதைத் திமிருன்னு நெனச்சு அவனை ஒரு வழி பண்ணினாங்க. சின்ன வயசுல ஊர்ல கேட்டப்போ, பாட்டி "குழந்தை அதிர்ஷ்டக் கண்ணோட பொறந்திருக்கு, கத்தி படக்கூடாது"ன்னுட்டாங்களாம். அப்பா அம்மாவும் வளர்ந்தாச் சரியாயிடும்னு விட்டுட்டாங்க.

அவனுக்கு ஆசை ரயில் ஓட்டணும்னு. எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிட்டான். மெடிக்கல்ல இடது கண்ணுல பார்வை 6/36, கண்ணாடி போட்டாலும் அதேதான். வெளிய அனுப்பிட்டாங்க.

என்ன நடந்திருக்குன்னா, குழந்தைக்குப் பார்வைங்கறது பிறக்கும்போதே முழுசா வர்றதில்ல. முதல் ஏழெட்டு வருஷத்துல மூளை ரெண்டு கண்ணுல இருந்தும் படம் வாங்கி வாங்கிப் பழகணும். ஒரு கண்ணை இமை மறைச்சாலோ, இமையோட அழுத்தத்துல கருவிழி வளைஞ்சு பவர் மாறிப் போனாலோ, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிடும். சோம்பேறிக் கண்ணுன்னு சொல்றது இதைத்தான். அந்த வயசுல ஆபரேஷன், கண்ணாடி, நல்ல கண்ணை மூடி வெச்சுப் பயிற்சின்னு போயிருந்தா பெருமளவு காப்பாத்தியிருக்கலாம். பாப்பாவையே மறைக்குதுன்னா கைக்குழந்தைக்கே ஆபரேஷன் பண்ணுவாங்க. மறைக்கலேன்னா மூணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் காத்திருப்பாங்க, ஆனா நடுவுல பார்வையை விடாம செக் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. காத்திருக்கறது வேற, கண்டுக்காம விடறது வேற.

அவன் இப்போ ஆபரேஷன் பண்ணிக்கிட்டா இமையைத் தூக்கிடலாம். போன பார்வையைத் தூக்க முடியாது.

சித்தி பொண்ணுக்குக் காட்டின அவசரத்துல பாதியை இவனுக்கு நாலு வயசுல காட்டியிருந்தா? ஊர் கண்ணுக்கு எப்படித் தெரியுதுங்கற கவலை, அந்தக் கண்ணுக்கு ஊர் தெரியுதாங்கற கவலையை முந்திக்கிச்சு. என் கோபமெல்லாம் இதுதான்.

சரி, என்னதான் வழி இருக்கு?

காரணம் தெரிஞ்ச பிறகு, நிஜமாவே சரி பண்ணணும்னு முடிவானா இருக்கற வழிகள் இவை. எளிதுல இருந்து பெருசுக்கு வர்றேன்.

ஒண்ணு, சும்மா இருக்கறது. நிறையப் பேருக்கு இதுதான் சரியான வைத்தியம், செலவும் கிடையாது.

ரெண்டு, தற்காலிக ஏற்பாடு. ஜப்பான், கொரியாவுல இமையில ஒட்டற மெல்லிய டேப் ரொம்பப் பிரபலம். கண்ணாடி ஃபிரேம்ல இமையைத் தாங்கற மாதிரி ஒரு கம்பி வெச்சும் கொடுப்பாங்க. ஆபரேஷன் தாங்காத உடம்பு உள்ளவங்களுக்கு அது நல்ல உதவி.

மூணு, சொட்டு மருந்து. ஆக்ஸிமெட்டசோலின் 0.1 சதவீதம். மூக்கடைப்புக்குப் போடற மருந்தோட அதே குடும்பம்தான். 2020 ஜூலையில அமெரிக்காவுல பெரியவங்களோட இமைச் சரிவுக்கு அனுமதி கொடுத்தாங்க. முல்லர் தசையைச் சுருக்கி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கும். சில மணி நேரம் நிக்கும், அவ்வளவுதான். இதைப் படிச்சுட்டு வீட்டுல இருக்கற மூக்கு மருந்தை எடுத்துக் கண்ணுல விட்டுடாதீங்க சாமி! அளவும் வேற, தயாரிப்பும் வேற.

நாலு, ஊசி. புருவத்தைக் கொஞ்சம் ஏத்தறதுக்கு போடாக்ஸ், குழி விழுந்த இடத்துக்கு ஃபில்லர். போடாக்ஸ் சில மாசத்துல போயிடும். ஃபில்லர் அபூர்வமா ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா பார்வையே போகற அபாயம் இருக்கு. கண்ணைச் சுத்தி ஊசி போடறது பியூட்டி பார்லர் வேலை இல்ல.

அஞ்சு, ஆபரேஷன். தசை ஓரளவு நல்லா வேலை செஞ்சா லிவேட்டரை இழுத்துச் சுருக்கித் தைப்பாங்க. லேசான சரிவுன்னா, ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்த்து இமை மேல வந்தா, உள்பக்கமா முல்லர் தசையைக் கொஞ்சம் எடுத்துச் சரி பண்ணுவாங்க. வெளிய தழும்பு தெரியாது. தசை சுத்தமா வேலை செய்யலேன்னா, இமையை நெத்தித் தசையோட ஒரு கயிறு மாதிரி இணைச்சுடுவாங்க. சிலிக்கான்லயும் பண்ணலாம், தொடையில இருந்து எடுத்த நாரை வெச்சும் பண்ணலாம். அப்புறம் புருவத்தைத் தூக்கினா கண்ணு திறக்கும். பெரியவங்களுக்குப் பெரும்பாலும் மரத்துப் போக மட்டும் ஊசி போட்டு, நடுவுல கண்ணைத் திறக்கச் சொல்லி, சில சமயம் எழுந்து உக்காரவே சொல்லி சரி பார்ப்பாங்க.

யூடியூப்ல வர்ற இமைப் பயிற்சி, மசாஜ் எல்லாம்? தசை நுனி நழுவினதைப் பயிற்சி திருப்பி ஒட்டாது. கசக்கிக் கசக்கி இன்னும் மோசமாகாம இருந்தாச் சரி.

முக்கியமா ஒண்ணு. எவ்வளவு கை தேர்ந்த டாக்டர் பண்ணினாலும் ரெண்டு இமையும் ஒரு மில்லிமீட்டருக்குள்ள ஒத்து வந்தாலே அது வெற்றிதான். கூடிப் போறது, குறைஞ்சு போறது, திரும்ப ஒரு தடவை பண்ண வேண்டி வர்றது எல்லாம் சகஜம். அப்போ அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தோட போறவங்க, ஆபரேஷனுக்கு அப்புறமும் அதே வித்தியாசத்தோட வெளிய வரலாம். கணக்கு இடிக்குதுல்ல?

அழகுக்காகப் பண்ணிக்கிட்டா தப்பா?

"அப்போ அழகுக்கு ஆசைப்படறதே தப்புங்கறியா?"ன்னு யாராவது சண்டைக்கு வருவீங்க. இல்லவே இல்ல. மூணு மில்லிமீட்டர் இறங்கின இமையோட இருக்கறவங்களை ஊரு "குடிச்சிருக்கியா?", "தூங்கி வழியற?"ன்னு தினமும் கேக்குது. இன்டர்வியூவுல ஆர்வம் இல்லாதவன்னு நெனைக்குது. அந்த பாரத்தை இறக்கி வைக்கணும்னு நெனைக்கறது வீண் ஜம்பம் கிடையாது. இந்த ஆசை புதுசும் இல்ல. ஜப்பான்ல மிகாமோங்கற டாக்டர் இமையில மடிப்பு உண்டாக்கற ஆபரேஷனைப் பத்தி முதன்முதலா எழுதினது 1896-ல. அந்தப் பொண்ணுக்கு ஒரு கண்ணுல மடிப்பு இருந்தது, இன்னொரு கண்ணுல இல்ல. ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கத்தான் தையல் போட்டார். இன்னைக்குக் கிழக்காசியாவுல லட்சக்கணக்கானவங்க பண்ணிக்கற அந்த ஆபரேஷன், ரெண்டு கண்ணும் ஒத்துப் போகணுங்கற ஆசையில ஆரம்பிச்சதுதான்.

அதே சமயம் அப்படியே விட்டுட்டு ஜெயிச்சவங்களும் இருக்காங்க. ஃபாரஸ்ட் விட்டேக்கருக்கு இடது இமை நல்லாவே இறங்கியிருக்கும். 'தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து' படத்துக்காக 2007-ல சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கினார். மூஞ்சியையே முதலா வெச்சுப் பொழைக்கற தொழில்ல! ரேடியோஹெட் பாடகர் தாம் யார்க் இடது கண் திறக்காமப் பிறந்தவர். ஆறு வயசுக்குள்ள அஞ்சு ஆபரேஷன். அப்பவும் இமை முழுசா ஒத்து வரல. அவர் பாட்டைக் கேக்கறவங்க யாரும் இமையை அளந்துக்கிட்டு உக்காரல.

நான் சொல்றது வரிசை மாறக்கூடாதுன்னு மட்டும்தான். முதல்ல காரணம், அப்புறம் அளவு, அப்புறம் ஆசை, கடைசியா கத்தி. அந்த ஆசையும் கண்ணுக்குச் சொந்தக்காரங்களோடதா இருக்கணும். தரகரோடதோ, வராத மாப்பிள்ளையோட அத்தையோடதோ இல்ல. ஒரு போட்டோவுக்காகக் கேள்வி கேக்கற வீட்டுக்கு, இமையை நிமித்தினாலும் அடுத்து மூக்கு, அப்புறம் நிறம்னு கேள்வி வந்துக்கிட்டேதான் இருக்கும்.

காசு விஷயமும் சொல்லிடறேன். அழகுக்காகப் பண்ற ஆபரேஷனை நம்ம நாட்டு இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பொதுவா விலக்கி வெச்சிருக்கு. இமை பார்வையை மறைக்குது, மருத்துவக் காரணம் இருக்குன்னா, பரிசோதனை முடிவுகளைக் காட்டி முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பார்க்கலாம். அதுக்கும் கண் டாக்டர் எழுத்துதான் வேணும்.

கடைசிப் பகுதி (ஆணி அதிகம் உள்ளவங்களுக்கு)

1. குழந்தைக்கு இமை இறங்கியிருந்தா, தாடையைத் தூக்கிப் பார்த்தா, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தா, இந்த வாரமே கண் டாக்டர். அதிர்ஷ்டம், ராசி எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

2. திடீர்னு இறங்கினா, கூடவே ரெட்டையாத் தெரியறது, தலைவலி, கழுத்து வலி, பாப்பா அளவு மாறறது இதுல ஏதாவது இருந்தா, அன்னைக்கே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. சாயங்காலம் மட்டும் இறங்கினாலும், முழுங்கறதுக்குச் சிரமமா இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க.

3. மத்தவங்க முதல்ல பழைய ஆல்பத்தை எடுங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடியும் அதே கண்ணுன்னா, பெரும்பாலும் அது உங்க முக அமைப்பு.

4. அப்பவும் உறுத்தினா, இமைக்குன்னே இருக்கற கண் டாக்டர் கிட்ட போங்க. ஆகுலோபிளாஸ்டின்னு ஒரு தனிப் பிரிவு இருக்கு. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மாதிரி பெரிய கண் ஆஸ்பத்திரிகள்ல கேட்டா அந்தப் பிரிவுக்கு அனுப்புவாங்க. கையில காசு இல்லைன்னு தயங்க வேண்டாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல இருந்து நடக்குது. முதல் பரிசோதனையை அங்க ஆரம்பிக்கலாம்.

5. அளக்கறதுக்கு முன்னாடி விலை சொல்ற இடத்துல இருந்து செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க.

சித்தி பொண்ணு இப்போ ப்ரொஃபைல்ல ஸ்டுடியோக்காரர் திருத்தாத படத்தையே போட்டிருக்கா. ரூம்மேட் ரயில்வே ஆசையை விட்டுட்டு பேங்க் வேலையில இருக்கான். போன மாசம் அவன் அக்காவுக்குக் குழந்தை பிறந்துச்சு. ஆஸ்பத்திரியில பார்க்கப் போனவன் பேரு வைக்கறதுக்கு முன்னாடி குழந்தையோட ரெண்டு இமையையும் உத்துப் பார்த்தானாம். ரெண்டும் நல்லாத் திறக்குதாம்.

உங்க வீட்டுப் பக்கத்துலயும் ஒரு குழந்தை தாடையைத் தூக்கி டிவி பார்த்துக்கிட்டிருக்கலாம். அதோட அம்மா கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. திட்டறவங்க பின்னூட்டத்துல வந்து திட்டலாம் :)